டோயிங் பிசினஸுக்கு இன்சூரன்ஸ்: அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

டோ ட்ரக், ஃப்ளாட்பெட் (காரை மேல ஏத்திட்டுப் போற தட்டையான மேடை வண்டி), ரெக்கவரி வண்டி வச்சு தொழில் பண்றவங்க, புதுசா ஆரம்பிக்கப் போறவங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து தான் இத எழுதுறேன். பாலிசியோட பேர மட்டும் பாத்து திருப்தி ஆயிடாதீங்க. ரோட்டோரமா நிக்கிற காரை நீங்க தொட்ட நிமிஷத்துல இருந்து அது ஓனர் கைக்குத் திரும்பிப் போற வரைக்கும், ஒவ்வொரு கட்டத்துலயும் எந்த பாலிசி பணம் கொடுக்கும்னு கேளுங்க. கீழ இருக்கிற எல்லா பதிலும் இத வச்சு தான் போகும்.

என் டோ ட்ரக்குக்கு ஃபுல் கவர் போட்டிருக்கேன். நான் ஏத்திட்டுப் போற காரும் அதுல அடங்கிடும் தானே?

அடங்காது. நிறைய பேர் மாட்டிக்கிறது இந்த இடத்துல தான். உங்க ட்ரக்கோட கமர்ஷியல் பாலிசில முக்கியமா ரெண்டு பகுதி இருக்கும், ஒண்ணு உங்க ட்ரக்கால மத்தவங்க உயிருக்கோ உடம்புக்கோ சொத்துக்கோ ஆகுற சேதம், அதாவது தேர்ட் பார்ட்டி, இன்னொண்ணு உங்க ட்ரக்குக்கே ஆகுற சேதம். ஹூக்ல தொங்குற கார் இந்த ரெண்டுலயும் உக்காராது. அது உங்க சொத்து இல்ல, அதே சமயம் ரோட்டுல போற யாரோ ஒருத்தரோட சொத்து மாதிரியும் இன்சூரன்ஸ்காரங்க அத பாக்க மாட்டாங்க, ஏன்னா அந்த நேரத்துல அது உங்க பொறுப்புல உங்க கட்டுப்பாட்டுல இருக்கு. அப்படி உங்க பொறுப்புல இருக்கிற அடுத்தவங்க சொத்துக்கு கவர் இல்லன்னு லயபிலிட்டி பாலிசிகள்ல (உங்களால அடுத்தவங்களுக்கு ஆன நஷ்டத்துக்குக் கொடுக்கிற பாலிசி) பொதுவாவே ஒரு விலக்கு எழுதியிருப்பாங்க.

ஆனா சட்டம் உங்கள விடாது. அடுத்தவங்க பொருளை பொறுப்பேத்து வாங்கினா அத கவனமா பாத்துக்கணும்ங்கிறது பல நாட்டு சட்டத்துலயும் இருக்கிற விஷயம். உதாரணத்துக்கு இந்தியாவுல 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 151வது பிரிவுல, சாதாரண அறிவுள்ள ஒருத்தர் தன்னோட சொந்தப் பொருளை எவ்வளவு கவனமா பாத்துக்குவாரோ அவ்வளவு கவனம் அடுத்தவங்க பொருள் மேலயும் வேணும்னு சொல்லியிருக்கு. பொறுப்பு உங்க தலையில, பாலிசில கவர் இல்ல, நடுவுல இருக்கிற அந்த இடைவெளிய நிரப்பத்தான் ஆன்-ஹூக் கவர்னு தனியா ஒண்ணு இருக்கு.

ஆன்-ஹூக் கவர் எப்போ ஆரம்பிச்சு எப்போ முடியும்?

பேர்ல ஹூக் இருந்தாலும் ஃப்ளாட்பெட், வீல் லிஃப்ட் (ரெண்டு சக்கரத்த மட்டும் தூக்கி இழுக்கிறது), ட்ரெய்லர் எல்லாத்துக்கும் இது தான். நீங்க இழுத்துட்டுப் போற வழியில மோதல், கவிழ்றது, தீ, திருட்டு மாதிரி பாலிசில எழுதியிருக்கிற காரணத்தால கஸ்டமர் வண்டிக்கு சேதம் ஆனா இது பேசும். ஆரம்பம் எதுங்கிறதுல தான் பாலிசிக்கு பாலிசி வித்தியாசம். சிலதுல ஹூக் மாட்டின உடனே, சிலதுல ஏத்துற இறக்குற வேலையும் சேர்ந்து, சிலதுல வண்டி நகர ஆரம்பிச்ச பிறகு தான். வின்ச் (கேபிள சுத்தி இழுக்கிற மெஷின்) போட்டு இழுக்கும்போது கேபிள் அறுந்து கார் பின்னாடி உருண்டு போய் சுவத்துல இடிச்சா, அது ஆன்-ஹூக்கா இல்லையாங்கிறத அந்த ஒரு வரி தான் முடிவு பண்ணும். அதனால ஏஜெண்ட் கிட்ட "ஏத்துறதும் இறக்குறதும் சேர்ந்திருக்கா"ன்னு கேளுங்க, வாயால சொன்னா பத்தாது, பாலிசில அந்த வரி எங்க இருக்குன்னு காட்டச் சொல்லுங்க.

முடிவும் அதே மாதிரி தான். டெலிவரி பண்ற இடத்துல இறக்கி வச்சுட்டீங்கன்னா முடிஞ்சது. உங்க யார்டுலயே இறக்கி வச்சா ஆன்-ஹூக் அங்க முடிஞ்சிடும், ஆனா உங்க பொறுப்பு முடியல.

லிமிட் எவ்வளவு வைக்கணும்?

சராசரியா நீங்க தூக்குற கார் விலைய வச்சு கணக்கு போடாதீங்க, நீங்க தூக்க வாய்ப்பு இருக்கிறதுலயே விலை அதிகமான வண்டிய வச்சு போடுங்க. பழைய சின்ன காரா தூக்கிட்டு இருப்பீங்க, திடீர்னு ஒருநாள் புது சொகுசு காரோ பெரிய பேட்டரி வச்ச எலக்ட்ரிக் காரோ வரும், வேணாம்னு சொல்ல மனசு வராது. உங்க லிமிட் 100, அந்தக் கார் மதிப்பு 160ன்னு வச்சுக்குங்க, முழுசா சேதம் ஆனா மிச்சம் 60 உங்க கைக்காசு. டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு க்ளெய்ம்லயும் முதல்ல நீங்களே போட வேண்டிய தொகை, வேற அதுக்கு மேல.

இன்னொரு விஷயம் இருக்கு, பல பேரு கவனிக்கிறதே இல்ல. ஃப்ளாட்பெட் மேல ஒரு கார், பின்னாடி வீல் லிஃப்ட்ல இன்னொரு கார்னு ரெண்டு வண்டி ஒரே நேரத்துல கொண்டு போவீங்க. பாலிசில போட்டிருக்கிற லிமிட் ஒரு வண்டிக்கா, இல்ல ஒரு சம்பவத்துக்கா? ஒரு சம்பவத்துக்குன்னா ட்ரக் கவிழ்ந்தா ரெண்டு காருக்கும் சேர்த்து அந்த ஒரே தொகை தான், ரெண்டு ஓனரும் உங்க வாசல்ல நிப்பாங்க. டிடக்டிபிளும் வண்டிக்கு ஒண்ணா இல்ல சம்பவத்துக்கு ஒண்ணான்னு கேளுங்க. பல வண்டி ஏத்துற கார் கேரியர் வச்சிருக்கிறவங்க இந்தக் கணக்கு போடாம கையெழுத்தே போடக் கூடாது.

ஹெவி டோயிங் பண்றவங்களுக்கு இது இன்னும் சிக்கல். ஒரு லாரியவோ பஸ்ஸவோ தூக்கும்போது வண்டி மட்டும் இல்ல, லாரிக்குள்ள இருக்கிற சரக்கும் உங்க கூட வருது. ஆன்-ஹூக் பொதுவா வண்டிய தான் பாக்கும், உள்ள இருக்கிற சரக்குக்கு கார்கோ கவர் தனியா வேணும், சரக்கு மதிப்பு வண்டி மதிப்ப விட பல மடங்கு இருக்கலாம்.

யார்டுல நிறுத்தி வச்சிருக்கிற வண்டிகளுக்கு என்ன பண்றது?

அதுக்கு கராஜ் கீப்பர்ஸ் கவர். பூட்டி வச்ச இடத்துல இருந்து திருடு போறது, தீப்பிடிக்கிறது, உங்க ஆளு யார்டுக்குள்ள வண்டிய நகத்தும்போது இடிச்சிடறது மாதிரி விஷயத்துக்கு. இதுல மூணு வகை இருக்கு, வித்தியாசம் தெரிஞ்சே ஆகணும். முதல் வகை, சட்டப்படி தப்பு உங்க மேல இருந்தா மட்டும் கொடுக்கும், ப்ரீமியம் இதுல தான் கம்மி. ரெண்டாவது வகை, தப்பு உங்க மேல இல்லன்னாலும் முதல் ஆளா இதுவே கொடுக்கும். மூணாவது வகையும் தப்பு யாரு மேலன்னு பாக்காது, ஆனா கஸ்டமரோட சொந்த இன்சூரன்ஸ் கொடுத்தது போக மிச்சத்த தான் கொடுக்கும்.

என் கருத்து, யார்டுல நிறைய நாள் வண்டி நிக்கிற தொழிலா இருந்தா ரெண்டாவது வகைக்கு கொஞ்சம் கூட கட்டினாலும் பரவாயில்ல. ஆலங்கட்டி மழை பெஞ்சு யார்டுல இருக்கிற 20 காரும் குழி விழுந்து போச்சுன்னு வைங்க, சட்டப்படி அது உங்க தப்பு இல்ல, முதல் வகை பாலிசி கைய விரிச்சிடும். ஆனா 20 ஓனர்களும் உங்கள தான் கூப்பிடுவாங்க, அதுல ஒரு பகுதி உங்களுக்கு தொடர்ந்து வேலை கொடுக்கிற கம்பெனியோட ஆளுங்களா இருப்பாங்க. அப்புறம் ஒரு நாள்ல யார்டுல அதிகபட்சம் எத்தனை வண்டி நிக்கும்னு எண்ணி அதுக்கு ஏத்த மொத்த லிமிட் வைங்க. வேலி, பூட்டு, லைட், கேமரா இருக்கணும்னு நிபந்தனை போட்டிருந்தா அது ஏட்டளவுல நிக்காம நெஜமாவே இருக்கணும், இல்லன்னா திருட்டு க்ளெய்ம்ல அத தான் முதல்ல கேப்பாங்க.

ரெண்டாவதா ஒரு இடத்த வாடகைக்கு எடுத்து வண்டி நிறுத்துறீங்கன்னா அந்த முகவரியும் பாலிசில ஏறணும். நிறைய பாலிசி குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் தான்.

வண்டிக்குள்ள இருந்த லேப்டாப் காணோம்னு கஸ்டமர் சொல்றாரு, கவர் ஆகுமா?

பெரும்பாலும் ஆகாது. வண்டியோட சேர்ந்த பாகங்கள் தான் கணக்கு, உள்ள கிடக்கிற சாமான் இல்ல. உங்க ஆளே எடுத்தாலும் அது பொதுவா விலக்குல வரும், ஊழியர் நேர்மைக்குன்னு தனி கவர் இருக்கு. தூக்குறதுக்கு முன்னாடி விலை உள்ள பொருள எடுத்துக்கச் சொல்லுங்க, ஓனர் இல்லன்னா உள்ள என்ன இருக்குன்னு வீடியோ எடுத்துட்டு பூட்டுங்க.

"இந்த ஸ்க்ராட்ச் நீங்க போட்டது தான்"னு சொல்றாங்க. எப்படி சமாளிக்கிறது?

தொடுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ தவிர வேற எதுவும் உங்கள காப்பாத்தாது. நாலு பக்கம், நாலு வீல், பம்பர் அடிப்பக்கம், கண்ணாடி, மீட்டர்ல ஓடின தூரம், இவ்வளவும் தேதி நேரத்தோட. ஏத்தி கட்டின பிறகு ஸ்ட்ராப் எங்க மாட்டியிருக்குன்னு ஒண்ணு, இறக்கினதுக்கு அப்புறம் ஒண்ணு. ராத்திரி, மழை, அவசரம்னு சொல்லி விடற நாள்ல தான் பிரச்சனை வரும். சின்ன ஸ்க்ராட்ச் எல்லாம் டிடக்டிபிளுக்குள்ளயே முடிஞ்சிடும், அதனால அது முழுக்க உங்க காசு, போட்டோ இல்லன்னா வாதாடவும் வழி இல்ல.

நான் தூக்கவே இல்ல, ஜம்ப் ஸ்டார்ட் மட்டும் கொடுத்தேன், எலக்ட்ரானிக்ஸ் போயிடுச்சுங்கிறாங்க. இது எதுல வரும்?

ஜம்ப் ஸ்டார்ட், டயர் மாத்துறது, கதவு திறந்து கொடுக்கிறது, பெட்ரோல் கொண்டு போய் ஊத்துறது, இதெல்லாம் டோயிங் இல்ல, ரோட்சைடு சர்வீஸ். ஆன்-ஹூக் இதுக்கு பேசாது, ஜெனரல் லயபிலிட்டியிலயோ கராஜ் லயபிலிட்டியிலயோ தான் தேடணும், அதுலயும் நீங்க வேலை செஞ்ச அதே பொருளுக்கு ஆன சேதம் விலக்கா இருக்கலாம். வீல் நட்டை சரியா இறுக்காம விட்டு கொஞ்ச தூரம் போய் வீல் கழண்டு ஆக்சிடெண்ட் ஆச்சுன்னா அது நீங்க முடிச்சுக் கொடுத்த வேலையால வந்த பொறுப்பு, அதுவும் பாலிசில சேர்ந்திருக்கணும். அப்ளிகேஷன்ல தொழில்னு வெறும் டோயிங் மட்டும் எழுதி வச்சுட்டு ரோட்சைடு வேலையும் பாத்தா பிரச்சனை உங்களுக்கு தான்.

பள்ளத்துல விழுந்த வண்டிய மேல தூக்குறது, கவிழ்ந்த லாரிய நிமித்துறது?

இது ரெக்கவரி வேலை, சாதாரண டோயிங்க விட ரிஸ்க் ரொம்ப அதிகம், அதனால பாலிசில ரெக்கவரிங்கிற வார்த்தை தெளிவா இருக்கணும். ஏற்கனவே நசுங்கின வண்டில எது விபத்துல ஆனது எது தூக்கும்போது ஆனதுன்னு பிரிக்கிறது கஷ்டம், இங்கயும் போட்டோ தான். பூம் (வண்டி மேல இருக்கிற தூக்குற கை), ரொட்டேட்டர் (சுத்தித் திரும்புற பூம்) வச்சு தூக்கும்போது உங்க ட்ரக்கே சாயலாம், க்ரேன் மாதிரி இயங்கும்போது கவிழ்றத சில பாலிசி விலக்கி வச்சிருக்கும், கேட்டு சேர்க்கணும். டீசல், ஆயில் கொட்டி மண்ணோ வாய்க்காலோ கெட்டுப் போனா சுத்தம் பண்ற செலவு தனி, மாசு சம்பந்தமான கவர் இல்லாம லயபிலிட்டி பாலிசி அந்தப் பக்கமே திரும்பாது.

எலக்ட்ரிக் வண்டி தூக்குறதுக்கு இன்சூரன்ஸ்ல ஏதாவது வித்தியாசமா?

தனி பாலிசி வேணும்னு இல்ல, ஆனா சேதம் ஆகுற விதம் வேற. ஓட்டுற சக்கரம் தரையில உருள விட்டு இழுத்தா மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி வேலை செஞ்சு மோட்டாருக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கும் சேதம் வரலாம், அதனால நாலு சக்கரமும் தரையில படாம ஃப்ளாட்பெட்ல தான் எடுத்துட்டுப் போகணும்னு பெரும்பாலான கம்பெனி மேனுவல்லயே இருக்கு. மேனுவலுக்கு விரோதமா இழுத்து வந்த சேதத்துக்கு க்ளெய்ம் போட்டா கேள்வி மேல கேள்வி வரும். ஆல் வீல் டிரைவ் வண்டிக்கும் இதே எச்சரிக்கை தான்.

அடிபட்ட லித்தியம் பேட்டரி மணிக்கணக்குல, சில சமயம் நாள் கணக்குல கழிச்சு கூட மறுபடி தீப்பிடிக்கும். அப்படிப்பட்ட வண்டிய மத்த வண்டி, கட்டடத்துல இருந்து 50 அடி, அதாவது சுமார் 15 மீட்டர் தள்ளி நிறுத்தணும்னு அமெரிக்க பாதுகாப்பு வழிகாட்டுதல்கள்ல சொல்லியிருக்கு. ஒரு கார் எரிஞ்சா பக்கத்துல வரிசையா நிக்கிற அத்தனையும் போயிடும், உங்க கராஜ் கீப்பர்ஸ் மொத்த லிமிட் ஒரே ராத்திரில கரைஞ்சிடும். அதனால யார்டுல இடம் ஒதுக்குறதும் இன்சூரன்ஸ் வேலையோட ஒரு பகுதின்னு தான் நான் சொல்லுவேன்.

டிரைவருக்கு அடிபட்டா?

இத நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன். வேகமா வண்டி போற ரோட்டோரமா முதுகக் காட்டிட்டு செயின் மாட்டுற வேலை இது, ராத்திரி மழையில இன்னும் மோசம். இப்படி ரோட்டோரமா நின்னு வேலை பாக்குறவங்கள காப்பாத்தத்தான் அமெரிக்காவுல 50 மாநிலத்துலயும் பக்கத்துல போற வண்டிங்க லேன் விட்டு விலகிப் போகணும், இல்ல வேகத்தக் குறைக்கணும்னு சட்டம் இருக்கு. தேர்ட் பார்ட்டி பாலிசி உங்க தொழிலாளிக்கு பொதுவா கொடுக்காது, தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் தனியா எடுக்கணும், பல இடத்துல அது சட்டப்படி கட்டாயம். "அவரு என் ஊழியர் இல்ல, கான்ட்ராக்ட் ஆளு"ன்னு பேப்பர்ல எழுதி வச்சா தப்பிச்சுடலாம்னு நினைக்காதீங்க, நேரம் முடிவு பண்றது நீங்க, வண்டி உங்களது, வேற யாருக்கும் ஓட்ட விடறது இல்லன்னா கோர்ட்டு அவர ஊழியரா பாக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஓனரே வண்டி ஓட்டுறீங்கன்னா உங்களுக்கு கவர் தானா வராது, தனியா சேர்க்கச் சொல்லணும், உங்க குடும்பம் உங்கள நம்பித்தானே இருக்கு.

புது டிரைவர் சேர்ந்த அன்னிக்கே பேர பாலிசில ஏத்துங்க. லிஸ்ட்ல இல்லாத ஆளு ஓட்டி ஆன விபத்துல கம்பெனி பின்வாங்க இடம் கொடுக்காதீங்க.

கஸ்டமர நம்ம கேபின்ல ஏத்திட்டு வரலாமா?

சீட்டும் பெல்ட்டும் இருந்து, பயணிக்கும் கவர் இருந்தா ஏத்தலாம், அத முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க. தூக்கின கார்குள்ள ஆள உக்கார வைக்கவே கூடாது, எவ்வளவு கெஞ்சினாலும்.

கடன் கட்டாத வண்டிய தூக்குற வேலை வருது, எடுத்துக்கலாமா?

எடுக்கிறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ்காரங்க கிட்ட சொல்லுங்க. ஓனர் சம்மதம் இல்லாம எடுக்கிற வேலை, சண்டை, துரத்தல், தப்பான வண்டிய தூக்கிடறதுன்னு ரிஸ்க்கே வேற. தப்பா தூக்கினதுக்கு வர்ற வழக்க சாதாரண டோயிங் பாலிசி பாக்காது, அதுக்குன்னு தனி கவர் இருக்கு. சில கம்பெனிங்க இந்த வேலை பண்றவங்களுக்கு பாலிசியே கொடுக்காது, மறைச்சு வச்சு பின்னாடி தெரிஞ்சா மொத்த பாலிசிக்கும் ஆபத்து.

என் கிட்ட பிக்கப் ஒண்ணு இருக்கு, எப்பயாவது தான் காசுக்கு இழுக்கிறேன். அதுக்கும் கமர்ஷியல் வேணுமா?

வேணும். எத்தனை தடவைங்கிறது கணக்கு இல்ல, காசு வாங்குறீங்களாங்கிறது தான் கணக்கு. இந்தியாவுல சரக்கு வண்டிக்கான பாலிசில பயன்பாட்டு வரம்புங்கிற இடத்துல பாருங்க, கட்டணம் வாங்காம, ஓட முடியாத ஒரே ஒரு வண்டிய இழுக்கிறதுக்கு மட்டும் தான் அனுமதி இருக்கும். பல நாட்டு பாலிசிலயும் இதே எண்ணம் தான்.

சட்டப்படி குறைஞ்சது எவ்வளவு இருந்தா போதும்?

ஊருக்கு ஊர் மாறும். இந்தியாவுல 1988 மோட்டார் வாகனச் சட்டம் 146வது பிரிவுப்படி தேர்ட் பார்ட்டி கட்டாயம். அமெரிக்காவுல வாடகைக்கு மாநில எல்லை தாண்டி ஓடுற 10,001 பவுண்டும் அதுக்கு மேலயும் எடை மதிப்பு (சரக்கோட சேர்த்து தயாரிச்ச கம்பெனி குறிச்ச அதிகபட்ச எடை) உள்ள ட்ரக்குக்கு, ஆபத்தான சரக்கு இல்லன்னா, பொதுவா 7,50,000 டாலர் லயபிலிட்டி கேக்குது மத்திய அரசு விதி. அதோட வர்ற எம்.சி.எஸ்-90ங்கிற இணைப்ப இன்சூரன்ஸ்னு நினைச்சுக்குறாங்க, அது பொதுமக்களுக்கான உத்தரவாதம், கம்பெனி அவங்களுக்கு கொடுத்துட்டு உங்க கிட்ட திருப்பி வசூல் பண்ண முடியும், நீங்க தூக்கின காருக்கும் அதுல எதுவும் கிடையாது. சட்டம் கேக்குற அளவு ரோட்டுல போறவங்களுக்காக வச்சது, உங்க தொழில் தாங்குமாங்கிறத நீங்க தான் பாக்கணும்.

ரோட்சைடு அசிஸ்டன்ஸ் கம்பெனி கான்ட்ராக்ட் கொடுக்கிறாங்க, கூடுதல் இன்ஷூர்டா, அதாவது என் பாலிசில அவங்களுக்கும் பாதுகாப்பு கிடைக்கிற மாதிரி, அவங்க பேர சேர்க்கச் சொல்றாங்க. சேர்க்கலாமா?

சேர்க்காம வேலை கிடைக்காது, அது வழக்கமான கோரிக்கை தான். ஆனா கான்ட்ராக்ட்ல "எந்த நஷ்டம் வந்தாலும் டோயிங் கம்பெனியே ஏத்துக்கணும்"னு ஒரு ஷரத்து இருந்தா, அவங்க தப்புக்கும் நீங்க பொறுப்புன்னு ஆயிடும், அந்தக் கூடுதல் பொறுப்ப உங்க பாலிசி ஏத்துக்குதான்னு பாக்காம கையெழுத்து போடாதீங்க. கான்ட்ராக்ட அப்படியே புரோக்கருக்கு அனுப்பிக் கேக்குறதுல வெட்கம் எதுவும் இல்ல.

ப்ரீமியம் கட்டுப்படி ஆகல. எத குறைக்கலாம்?

கவர குறைக்காதீங்க, ரிஸ்க்க குறைங்க. டிரைவர்களோட ரெக்கார்டு, எவ்வளவு தூரம் ஓடுறீங்க, ராத்திரி வேலை எவ்வளவு, வண்டி எடை, பழைய க்ளெய்ம் வரலாறு, இத வச்சு தான் விலை போடுறாங்க. டேஷ் கேமரா, ஜி.பி.எஸ், எழுதி வச்ச டிரைவர் பயிற்சி இதெல்லாம் காட்டினா பேச இடம் கிடைக்கும். கையில எப்பவும் கொஞ்சம் பணம் இருக்கும்னா டிடக்டிபிள ஏத்தி ப்ரீமியத்த இறக்கலாம். ஆனா 300 கிலோமீட்டர் ஓடிட்டு 80ன்னு எழுதுறது, மூணு டிரைவர வச்சுட்டு ஒருத்தர்னு எழுதுறது மட்டும் வேணாம், க்ளெய்ம் அன்னிக்கு ட்ரிப் ஷீட்டும் ஜி.பி.எஸ்ஸும் உண்மைய சொல்லிடும்.

சம்பவம் நடந்துடுச்சு, முதல்ல என்ன பண்ணணும்?

ஆளுங்கள பாருங்க, மத்தது அப்புறம். வண்டிகள நகத்துறதுக்கு முன்னாடி போட்டோ, செயின் ஸ்ட்ராப் அறுந்திருந்தா அத தூக்கிப் போடாம பத்திரமா வைங்க, சர்வேயர் (சேதத்தப் பாத்து மதிப்பு போடுறவரு) கேப்பாரு. தப்பு யாரு மேலன்னு அங்கயே ஒத்துக்கிட்டோ "நானே சரி பண்ணிக் கொடுத்துடறேன்"னு சொல்லியோ பேசாதீங்க, இன்சூரன்ஸ் கம்பெனி அனுமதி இல்லாம வாக்கு கொடுத்தா அத காரணம் காட்டி மறுக்க பாலிசில வழி இருக்கு. எந்த பாலிசில வரும்னு தெரியலன்னா ட்ரக், ஆன்-ஹூக், லயபிலிட்டி மூணு பாலிசிக்கும் தகவல் கொடுத்துடுங்க, முக்கியமா அது வேற வேற கம்பெனியில இருந்தா அன்னிக்கே கொடுங்க, ஏன்னா ஒருத்தர் இன்னொருத்தர காட்டிட்டு இருக்கிற நேரத்துல தகவல் கொடுக்க வேண்டிய கெடு ஓடிப் போயிடும்.